இரவல் பேர்

நம் வயதுக்காரர்களுக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒரு புது உத்தியோகம் கிடைத்திருக்கிறது. காலையில் பேத்தியின் பையைச் சுமந்துகொண்டு எல்.கே.ஜி. வாசலில் நிற்பது, மதியம் அதே வாசலில் மறுபடி போய் நிற்பது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. உங்களில் பாதிப் பேர் இதை அப்படி ஒரு வாசலில் நின்றுகொண்டுதான் படிப்பீர்கள். தஞ்சாவூரில் நான் நிற்கும் இடத்தில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். இந்த ஒரு வருடத்தில் குழந்தை என்னென்ன கற்றுக்கொள்ளும் என்று அதில் பட்டியல் போட்டிருந்தது. நிறங்கள், வடிவங்கள், காய்கறிப் பெயர்கள், வரிசையில் நிற்பது, நடுவில் 'மோட்டார் ஸ்கில்ஸ்' என்று ஒன்று. நமக்கு மோட்டார் என்றால் பம்புசெட்டுதானே. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அதை எதற்குச் சொல்லித்தருகிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். "பட்டன் போடுறது, பென்சில் புடிக்கிறது, அதெல்லாம்தாம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தினமும் ஒன்பது இருபதுக்கு எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி வரும். 'உங்கள் குழந்தை இன்று வகுப்பில் இருக்கிறது.' அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் காம்பவுண்டுச் சுவரோரமாகப் போய், ஜன்னல் வழியாகப் பேத்தியின் தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். வாட்ச்மேனுக்கு இது பிடிப்பதில்லை. "மெசேஜ் வந்துருச்சுல்லம்மா, அப்புறம் என்ன?" என்பார். அவருக்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை.

பதில் கொஞ்சம் நீளமானது. ஐந்து வயதில் நானும் ஒரு வருடம் இப்படிப் போய்ப் படித்தேன். அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு வித்தையால் ஒரு பெண்ணின் பேர் கெட்டது. கெட்ட பேர் இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குத் தெற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே. பால்வாடி வாய்க்கால் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. ஒற்றை அறை, ஓட்டுக் கூரை, பின்பக்கம் சமையல் கொட்டகை. முன்பக்கம் ஒரு கம்பிக் கதவு. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் அதைச் சாத்தி மாட்ட ஒரு கொண்டி உண்டு. பச்சை பெயிண்டு உரிந்து, பிடித்தால் கையில் துரு ஒட்டும் கதவு அது. அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றால் குளிர்ச்சியாக இருக்கும்.

நாங்கள் என்ன கற்றுக்கொண்டோம் என்று யாரும் தாளில் எழுதித் தரவில்லை. நானே எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. தூக்கம் வராதபோது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது. சிலேட்டைக் கோவை இலையால் துடைப்பது. மூக்கைப் பாவாடையில் துடைக்காமல் இருப்பது. கோதுமை ரவை உப்புமாவைத் துப்பாமல் முழுங்குவது. நெல் விளைகிற ஊரில் நாலு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டு கோதுமை தின்றோம். அந்த டின் எண்ணெயின் வாடை இப்போதும் சில சமயம் எங்கிருந்தோ வரும். ரவை எங்கிருந்தோ கப்பலில் வருகிறது என்று டீச்சர் சொன்னார். கப்பல்காரர்களும் சாப்பிட முடியாமல்தான் நமக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் பஸ்ஸில் வருவார். நைலக்ஸ் புடவை, கறுப்புக் குடை, பவுடர் வாசனை. எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. தன் பெண்களுக்குச் சிறிதாகிவிட்ட கவுன்களை மடித்துக் கொண்டுவந்து, இல்லாத பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவார். நல்லவர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அவர் நல்லவர்தான்.

ஆயா தெற்குத் தெரு. ஆயா என்றதும் கிழவியை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேலையின் பெயர். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷனை இழந்து, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். காலையில் வாய்க்கால் பாலத்தில் நின்று, நடவுக்குப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை வாங்கிக்கொள்வார். இடுப்பில் ஒன்று, இரண்டு கையிலும் ஒவ்வொன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு மிச்சம். எல்லோரையும் உள்ளே விட்டுக் கொண்டியைப் போட்டுவிட்டு உப்புமா கிண்டப் போவார். டீச்சரை நாங்கள் 'வாங்க' என்போம், ஆயாவை 'வா' என்போம். அதையும் அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் தையல்காரர் மகள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் அப்பா பஸ் நிற்கும் இடத்தில் மிஷின் போட்டிருந்தார், அம்மா நடவுக்குப் போவார். கடையில் உதிர்ந்து கிடக்கும் பொத்தான்களை நூலில் கோத்து இவள் மாலையாகப் போட்டுக்கொண்டு வருவாள். மற்றவர்கள் புளியங்கொட்டையை வைத்து எண்ணக் கற்றபோது நாங்கள் இருவரும் பொத்தானை எண்ணிக் கற்றோம். சட்டைப் பொத்தான், ரவிக்கைக் கொக்கி, ஒரே ஒரு சிவப்புக் கோட்டுப் பொத்தான். சிவப்பு வந்தால் அது பத்து. பதினொன்றாவதாக இருந்தாலும் அது பத்துதான். அந்தக் கணக்கை டீச்சரால் கடைசிவரை மாற்ற முடியவில்லை. அவள் அடிக்கடி வரமாட்டாள், காதில் சீழ் வடியும். வராத நாட்களில் எனக்குப் பொழுது போகாது.

இப்போது அந்த வித்தைக்கு வருகிறேன்.

எங்கள் பால்வாடியில் நோட்டில் இருபது பிள்ளைகள். வருவது பதினாறு, பதினேழு. எண்ணிக்கை குறைந்தால் மூடிவிடுவார்கள் என்று டீச்சருக்குப் பயம். "மூடிட்டா இந்தப் புள்ளைங்க எல்லாம் வரப்புல கெடந்து வெயில்ல காயும்" என்று ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஆபீசரம்மா வருவார். கனமான உடம்பு, மூச்சு வாங்கும். வாசல்படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, டீச்சரைப் பேர் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தலையை எண்ணமாட்டார், குரலைத்தான் எண்ணுவார்.

அதனால் டீச்சர் எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். வராத பிள்ளையின் பேரை, பக்கத்தில் இருக்கும் பிள்ளை இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பேர் கூப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு, குரலைக் கொஞ்சம் மாற்றி, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. ஆயாவிடம்கூடச் சொல்லக் கூடாது. ஆயா பின்பக்கம் உப்புமா கிண்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதற்கு ஒத்திகை நடக்கும். இதற்கு இரவல் பேர் என்று பேர்.

இரவல் நமக்குத் தெரியாததா. உழக்கு உப்பு, முறம், ஒரு குத்து கறிவேப்பிலை என்று தினமும் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இரவல் நடந்துகொண்டேதான் இருக்கும். கல்யாணத்துக்கு நகைகூட இரவல் போகும். பேரும் போகும் என்று சொன்னால் ஐந்து வயதில் எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'உள்ளேன்' என்ற சொல்லை வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அது 'இருக்கிறேன்' என்பதற்கு ஏட்டுத் தமிழ் என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருக்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கதவுக்கு உள்ளே. அப்படித்தானே படுகிறது, உள்ளே, உள்ளேன்.

எனக்குத் தையல்காரர் மகளின் பேர் ஒதுக்கப்பட்டது. அவளைப் போலவே மூக்கால் சொல்வேன். டீச்சர் மெச்சினார். வீட்டில் என்னை யாரும் எதற்கும் மெச்சியதில்லை. அதனால் அவள் வராத நாட்களில் வருத்தம் ஒரு பக்கம் இருக்க, ஆபீசரம்மா வந்தால் நன்றாக இருக்குமே என்றும் இருக்கும். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் நுரையும் சருகும் செருப்புமாகச் செம்மண் நிறத்தில் மெதுவாக வரும், பார்த்திருப்பீர்கள். ஆயா எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, படியில் இறக்கிக் காலை நனைக்க விட்டார். தையல்காரர் மகள் இரண்டாம் முறையும் வரிசையில் வந்து நின்றாள். ஆயா சிரித்துக்கொண்டே மறுபடி இறக்கிவிட்டார். "போதும்டி, நாளைக்கும் தண்ணி இங்கதான் இருக்கும்" என்றார்.

நாலைந்து நாள் கழித்து, ஆபீசரம்மா வருகிறார் என்று முந்தின நாளே தகவல் வந்துவிட்டது. அன்றைக்கு டீச்சர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஆயாவை அண்டாவையும் பின்கட்டையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். "பாலத்துக்குப் போய்ப் புள்ளைங்கள வாங்கியாந்துடட்டுங்களா டீச்சர்?" என்று ஆயா கேட்டார். "இன்னிக்கு ஒரு நாள் அவங்களே வந்துருவாங்க. நீ கையில உள்ள வேலையப் பாரு" என்றார் டீச்சர். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீடு பக்கத்திலேயே என்பதால் நான்தான் முதலில் வந்து உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆயா ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்து விட்டுவிட்டு, மறுபடி கொண்டியைப் போட்டுவிட்டுப் போனார். தையல்காரர் மகள் வரவில்லை. காது வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆபீசரம்மா வந்தார், உட்கார்ந்தார், டீ வந்தது. ஆயா பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பேர் வாசித்தார். அவள் பேர் வந்தபோது என்னைப் பார்க்கவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு மூக்கால் சொன்னேன். "உள்ளேன் டீச்சர்." ஆபீசரம்மா நோட்டை வாங்கி, மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, நன்றாக நடத்துகிறீர்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு உப்புமாவில் முந்திரி இல்லாவிட்டாலும் வேர்க்கடலை இருந்தது.

மூன்று மணிக்குத் தையல்காரர் மனைவி வந்தார். முழங்கால்வரை சேறு, தலையில் ஈரத்துணி. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று மகளைக் கூப்பிட்டார். ஆயா எட்டிப் பார்த்து, "அவ இன்னிக்கு வரலியே" என்றார். "காலைல நாந்தானே பாலத்துல விட்டுட்டுப் போனேன்? ஆயா வந்துரும், நில்லுன்னு சொன்னேன். ஆளுங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க, எனக்கு நேரமாயிருச்சு" என்றார் அவர். டீச்சர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பவுடர் வாசனைதான் வருகிறது.

அடுத்த மதகில் பலகைக்கு அடியில் கிடந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். எங்களைப் பார்க்க விடவில்லை. நான் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை பால்வாடி வாசலில் ஊரே நின்றது. தையல்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆயா சொன்னார், "அவ உள்ளயே வரலைங்க. நான் பாலத்துக்குப் போவல, டீச்சர்தான் போவாதன்னாங்க. போயிருந்தா புள்ளயக் கையில வாங்கியிருப்பேன்." நாட்டாண்மைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நோட்டைக் கொடுத்தார். அதில் அவள் வந்ததாக இருந்தது, அடியில் ஆபீசரம்மா கையெழுத்தும் இருந்தது.

வந்திருக்கிறாள் என்றால் வெளியே எப்படிப் போனாள்? கொண்டி போட்டிருந்தால் போயிருக்க முடியாது. "கொண்டி போட்டியா?" என்று நாட்டாண்மைக்காரர் கேட்டார். "போட்டேங்க." "போட்டா எப்படி வெளிய போனா?" "அவ வரலைங்க. உப்புமா போடையிலகூட நான் அவளப் பாக்கலைங்க." "அதுக்கு முன்னாடியே போயிட்டா, அதான் பாக்கல" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாலு நாள் முன்னால் தண்ணீரைக் காட்டிப் பழக்கியது யார் என்று இன்னொருவர் கேட்டார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீச்சரோ நாலு எழுத்துப் படித்தவர், பஸ்ஸில் வருகிறவர். ஆயா தெற்குத் தெரு. யார் பேச்சு நிற்கும் என்பதை நோட்டைத் திறக்காமலே சொல்லியிருக்கலாம்.

அப்போது தையல்காரர் என்னைப் பார்த்தார். "இந்தப் பாப்பாதான் அவ பக்கத்துல உக்காரும்" என்றார். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அவர் என்னை அருகில் அழைத்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விரல்களில் மிஷின் எண்ணெய் வாடை.

"அவ உள்ள இருந்தாளா பாப்பா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளேன்னு சொன்னா" என்றேன்.

"அவளா சொன்னா?"

"அவ பேருக்குச் சொன்னா."

அதில் 'பேருக்கு' என்றதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குழந்தை பொய் சொல்லுமா என்று ஒரு பெண் சொல்லி அழுதார். நான் பொய் சொல்லவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். இரவல் வாங்கிய நேரத்துக்கு நான்தான் அவள், பேர் அவளுடையது, சொன்னது உள்ளேன், எல்லாம் சரியாக இருந்தது. ஆயா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்களின் பார்வை அது.

ஆயாவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பால்வாடியை மூடவில்லை. வேறொரு ஆயா வந்தார், கொண்டிக்குப் பூட்டும் வந்தது. டீச்சர் மறுபடி இரவல் பேர் கொடுக்கவே இல்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனபோது ஊரில் மாலை போட்டு அனுப்பினார்கள். நானும் ஒரு ரோஜாப்பூ கொடுத்தேன்.

ஒன்றாம் வகுப்பில்தான், உள்ளேன் என்றால் வந்திருக்கிறேன் என்று அர்த்தம், அதை அவரவர் பேருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வாத்தியார் விளக்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மோர் கடைந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மத்தை நிறுத்தினாள். "வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்றாள். இல்லை என்றேன். "சொல்லாத. போன புள்ள திரும்பி வரப்போறதில்ல. டீச்சரம்மாவுக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, வேல போயிரும்" என்றாள். பிறகு மறுபடி கடையத் தொடங்கினாள். அம்மா மேல் எனக்குக் கோபம் வருகிறதா என்று பல முறை பார்த்திருக்கிறேன். வருவதில்லை. என் மேல் வருகிறதா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. அந்த இடம் மரத்துக் கிடக்கிறது.

ஆயா அதற்குப் பிறகு நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போனார். பத்து வயதில் ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். வரப்போரப் பூவரச மரத்தில் யாரோ தூளி கட்டியிருந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. ஆயாதான் பக்கத்தில் நாற்று முடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எழுந்து இரண்டடி வைத்தார். பிறகு நின்றுகொண்டு, வயலுக்குள் பார்த்து, "புள்ள அழுவுது, யாராச்சும் வாங்க" என்று கூப்பிட்டார். தூளியைத் தொடவில்லை. தாய் சேற்றில் ஓடிவரும்வரை குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அண்ணன் பிள்ளைகளைக்கூட அவர் தூக்க அண்ணி விடமாட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பெரியவளான பிறகு சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். படித்தேன், தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனேன், கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்தேன். யாருடைய வாக்குமூலத்தையெல்லாமோ முப்பது வருடம் டைப் அடித்தேன். இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

போன தை மாதம் பட்டா விஷயமாக ஊருக்குப் போனேன். வி.ஏ.ஓ. ஆபீசில் அதிகாரி வர நேரமாகும் என்றதால், எதிரே ரேஷன் கடை நிழலில் நின்றேன். வரிசையில் முன்னால் ஒரு வயதான அம்மா, மிஷினில் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ரேகை விழவில்லை. "நல்லா தொடச்சுட்டு வைங்க" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கொஞ்சம் உட்கார்ந்திருக்கச் சொன்னார். திரும்பியபோதுதான் ஆயா என்று தெரிந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னைத் தெரியுதுங்களா?" என்றேன். அவரை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்னார் மகள் என்று சொன்னதும், "அட, பால்வாடிப் பாப்பாவா" என்று என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் புரை. பிள்ளைகள், பேத்தி, தஞ்சாவூர் வெயில் எல்லாம் விசாரித்தார். பிறகு என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா பாப்பா? நீதானே அவ பக்கத்துல உக்காருவ. அன்னிக்கு அவ எப்ப எந்திரிச்சு வெளிய போனான்னு ஒனக்கு ஞாவகம் இருக்கா?"

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் என்னைச் சோதிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தப் பிள்ளை உள்ளே இருந்தாள் என்பதை அவரும் நம்பிவிட்டிருந்தார்.

"அவ வரவே இல்லீங்க ஆயா."

"நோட்டுல இருந்துச்சே."

"நான்தான் சொன்னேன். வராத புள்ளைங்க பேருக்கு எங்களச் சொல்லச் சொல்லுவாங்க டீச்சர். ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அன்னிக்கு அவ பேருக்கு நான் சொன்னேன்."

 ஆயா என் கையை விடவில்லை. கடைக்காரர் வேறு யாருக்கோ சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வரலியா?"

"வரலைங்க."

"அப்ப நான் கொண்டி போட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவருக்குக் கண் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "போட்டுத்தான் இருந்தீங்க. நான் பாத்தேன்" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

"போட்டேன் போட்டேன்னு நானும் ரெண்டு வருஷம் சொல்லிப் பாத்தேன் பாப்பா. எல்லாரும் போடல போடலங்கவும் எனக்கே சந்தேகமாயிடுச்சு. படுத்தா கை கொண்டியப் போட்ட மாதிரியும் இருக்கும், போடாத மாதிரியும் இருக்கும். அப்புறம் போடலைன்னே வச்சுக்கிட்டேன். அதுல ஒரு நிம்மதி."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, நீ சின்னப் பிள்ளை உனக்கு என்ன தெரியும் என்று தேற்றவும் இல்லை. விரலை மடக்கி மடக்கி, மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"தையக்காரரு போயிட்டாரு. அவரு சம்சாரம் போயி ஏழெட்டு வருஷமாச்சு. டீச்சரம்மாவும் இல்லைன்னாங்க. நாட்டாண்ம இல்ல. எங்க அண்ணன் இல்ல, அண்ணி இல்ல. ஒங்க அம்மாவும் போயிட்டாங்க." கை நின்றது. "இத இப்ப யார்கிட்ட போயி சொல்லுவேன் பாப்பா?"

கடைக்காரர் கூப்பிட்டார். நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். இந்த முறை ரேகை விழுந்தது.

அவர் அதை என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. போய்ச் சொல்ல ஒரு வாசல் இருந்தால் அன்றைக்கே தடி ஊன்றிக்கொண்டு போயிருப்பார். எனக்கும் ஒரு வாசலும் தெரியவில்லை. உங்களைத்தான் தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தையல்காரர் மகள் பால்வாடிக்கு வரவில்லை. உள்ளேன் என்று சொன்னது நான். கதவில் கொண்டி போட்டிருந்தது.